சகுனியை வெட்டு: செஸ் போர்டில் இடம் மாறிய மந்திரி

இந்த எபிசோட் ஒரு போர்டு கேம் ராத்திரியில ஆரம்பிச்சது. பெங்களூருல ஒரு நண்பன் வீடு, சனிக்கிழமை, மேசை முழுக்க பொம்மைகள். விளையாடினது 'வார் ஆஃப் த ரிங்'. 2004ல வந்த கேம். ஒரு ஆட்டம் முடிய மூணு நாலு மணி நேரம் ஆகும். எனக்கு வில்லன் பக்கம் விழுந்துச்சு, அதாவது சௌரான் பக்கம்.

அந்த கேம்ல ஒரு விஷயம் என்னை யோசிக்க வச்சது. சௌரானுக்கு போர்டுல பொம்மையே கிடையாது. உலகத்தையே ஆட்டி வைக்கிற வில்லன், ஆனா மேப்ல எங்கேயும் நிக்க மாட்டான். நிக்கிறது அவனோட ஆட்கள்தான்: சாருமான், விட்ச்-கிங், மௌத் ஆஃப் சௌரான். ஆரம்பத்துல எனக்கு ஏழு டைஸ். இந்த மூணு பேர்ல ஒவ்வொருத்தர் உள்ள வரும்போதும் ஒரு டைஸ் கூடும். வில்லனோட பலம்னு நாம எதை நினைக்கிறோமோ, அதை கேம் டிசைனர் எண்ணிக்கையா மாத்தி அவனோட வலது கை ஆட்கள்கிட்ட குடுத்துட்டார். சாருமானை இறக்கினப்போ எதிர்ல இருந்த நண்பன் தலையில கை வச்சான். என் வாயில தானா வந்த வார்த்தை: "சகுனி வந்துட்டான்டா."

அது என் வார்த்தை இல்ல. என் அப்புச்சியோடது. அம்மாவோட அப்பா. நாமக்கல் பக்கம் அம்மா வழித் தாத்தாவை அப்புச்சின்னுதான் கூப்பிடுவோம்.

அப்புச்சி லாரி டிரைவர். நாமக்கல்ல இருந்து நாக்பூர், இந்தூர்னு வடக்கே போற லைன். போன இடத்துல திரும்பி வர லோடு கிடைக்கலன்னா ரெண்டு நாள், மூணு நாள் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வாசல்லயே கிடக்கணும். அப்படிக் கிடந்த நாட்கள்ல ஹிந்திக்கார டிரைவர்கள்கிட்ட செஸ் கத்துக்கிட்டார். ஊருல அவர் வயசு ஆட்கள் திண்ணையில தாயம் உருட்டிக்கிட்டு இருந்தப்போ இவர் மட்டும் அட்டையில கோடு போட்டு ராஜா, மந்திரின்னு காய் நகர்த்திக்கிட்டு இருப்பார். அவர் செட்ல ஒரு காய் தொலைஞ்சு போய், அதுக்குப் பதிலா டயர் டியூப் வால்வோட மூடி நிக்கும். அந்த மூடிதான் எதிராளியோட மந்திரி. அதுக்கு அவர் வச்ச பேர் சகுனி.

எங்க பக்கத்துல பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவங்களுக்கு இந்தப் பேரை விளக்க வேண்டியதில்லை. துரியோதனன் கோபப்படுவான், கத்துவான், தொடையத் தட்டுவான். ஆனா ஆட்டத்தை ஆடுறது சகுனி. அந்தச் சூதாட்டத்துல துரியோதனன் பகடையைத் தொடவே இல்ல, அவனுக்காக உருட்டினது மாமன். வில்லனோட வலது கை போர்டு கேம் ஆடி ஒரு ராஜ்யத்தையே ஜெயிச்ச கதை நம்ம ஊர்ல எவ்வளவு பழசுன்னு பாருங்க. அப்புச்சியோட கணக்கு சுலபம். என் பக்கம் நின்னா மந்திரி, எதிர்ப்பக்கம் நின்னா சகுனி. காய் ஒண்ணுதான். "மொதல்ல சகுனிய வெட்டு கண்ணு, அப்புறம் ராஜா தானா வுழுவான்" அப்படிம்பார்.

இப்ப பிரச்சனைக்கு வர்றேன். நீங்க ஸ்கூல்ல செஸ் கத்துக்கிட்டவங்களா இருந்தா, அப்புச்சி சொன்ன மந்திரி எந்தக் காய்னு உங்களுக்கு இந்நேரம் குழப்பம் வந்திருக்கும். ராஜா பக்கத்துல ஒண்ணே ஒண்ணு நிக்குமே, எல்லாத் திசையிலயும் ஓடுமே, அதுதான். நாம ராணின்னு சொல்றோம். நம்ம தலைமுறை தமிழ்ல மந்திரி, அமைச்சர்னா அது பிஷப். மூலைவாட்டுல போற ரெண்டு காய்.

ஆறாவது படிக்கும்போது ஸ்கூல் போட்டியில ஒரு ஆட்டம் ஜெயிச்சேன். ராத்திரி அப்புச்சிக்கு போன் போட்டு, "மந்திரியக் குடுத்துட்டு ஜெயிச்சேன்"னு சொன்னேன். நான் சொன்னது பிஷப்பை. அவர் புரிஞ்சுக்கிட்டது குயினை. மறுநாள் டீக்கடை முழுக்கப் பேச்சு: பேரன் மந்திரியையே பலி குடுத்து ஜெயிச்சுப்புட்டான். லீவுக்கு ஊருக்குப் போனப்போ நாலு பேர் என்னைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. எனக்கு அவமானமாப் போச்சு. எல்லார் முன்னாடியும், "அது மந்திரி இல்ல அப்புச்சி, ராணி. உங்களுக்கு செஸ்ஸே தெரியல"ன்னு சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் பேசல. "செரிங்க சாமி"ன்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சார். அதுக்கப்புறம் அவரா என்னை ஆடக் கூப்பிட்டதே இல்ல.

அந்த ராத்திரி சாருமான் பொம்மையைக் கையில வச்சுக்கிட்டு எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு மாசம் தேடிப் படிச்சதுதான் இந்த எபிசோட்.

செஸ்ஸோட மூதாதை சதுரங்கம். நமக்குக் கிடைக்கிற தடயங்கள்படி கிபி 6ஆம் நூற்றாண்டு வாக்குல இந்தியாவுல உருவாகி பாரசீகத்துக்குப் போனது. 7ஆம் நூற்றாண்டுல பாணர் எழுதின ஹர்ஷசரிதத்துல சதுரங்கத்தை வச்சு ஒரு சிலேடை வருது. பேருக்கே நாலு அங்கம்னு அர்த்தம்: யானை, குதிரை, தேர், காலாள். இவங்களுக்கு நடுவுல ராஜா. ராஜா பக்கத்துல மந்திரி. ராணின்னு யாரும் கிடையாது. போர்க்களத்துல ராணிக்கு என்ன வேலைன்னு அந்தக் காலத்து ஆட்கள் நினைச்சிருக்கலாம்.

ஆனா அந்த மந்திரி ரொம்பப் பாவம். மூலைவாட்டுல ஒரே ஒரு கட்டம். அவ்வளவுதான் நகர முடியும். பாரசீகத்துல அதுக்கு ஃபர்ஸீன்னு பேர், அரபியில ஃபிர்ஸ். பழைய அரபு செஸ் நூல்கள்ல ஒவ்வொரு காய்க்கும் விலை போட்டிருக்காங்க. நம்ம ஆளோட விலை, தேரோட விலையில சுமார் மூணுல ஒரு பங்கு. குதிரைக்குக் கூட அதுல ரெண்டு மடங்கு மதிப்பு. ராஜாவுக்கு அடுத்த பதவி, ஆனா சம்பளம் கிளீனர் சம்பளம்.

இங்க ஒரு கணக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது. மூலைவாட்டுல மட்டும் நகர்ற காய் தான் நிக்கிற நிறத்தை விட்டு வெளியே போக முடியாது. அப்போ அதுக்கு 64 கட்டத்துல 32தான் சொந்தம். பழைய ஆட்டத்துல ரெண்டு மந்திரிகளும் ஒரே செங்குத்து வரிசையில எதிரெதிரா நிப்பாங்க. இப்போ உங்க போர்டுல ரெண்டு ராணியும் நிக்கிற கட்டங்களைப் பாருங்க: ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கறுப்பு. அப்படின்னா பழைய ஆட்டத்துல ரெண்டு தரப்பு மந்திரிகளும் கடைசி வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் வெட்டவே முடியாது! சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனா மந்திரி ஆகும், வேற எதுவும் ஆக முடியாது. அந்தப் புது மந்திரி வேணும்னா எதிர் மந்திரியைப் பிடிக்கலாம். ஆனா முதல் நாள்ல இருந்து நிக்கிற ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து டீ குடிக்கலாம், சண்டை வராது.

ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனதும் பேர் மாறுது. சுவிட்சர்லாந்துல ஐன்ஸீடெல்ன் மடத்துல கிடைச்ச, சுமார் கிபி 1000த்தைச் சேர்ந்த ஒரு லத்தீன் செய்யுள்லயே ராணி வந்துடறா. அரபு மந்திரியை அவங்க பார்த்துப் பழகின அரசவைக்கு ஏத்தபடி ராஜாவோட மனைவியா ஆக்கிட்டாங்க. பேர்தான் மாறுச்சு, பலம் மாறல. ராணியும் அதே மூலைவாட்டு ஒரு கட்டம்தான், கிட்டத்தட்ட 500 வருஷத்துக்கு.

அப்புறம் 1475 வாக்குல ஸ்பெயின்ல வலென்சியாவுல ஒரு கவிதை எழுதறாங்க. அதுக்குள்ள ஒரு முழு செஸ் ஆட்டம் இருக்கு. அதுல ராணி இன்னிக்கு நாம ஆடுற மாதிரி எல்லாத் திசையிலயும் ஓடுறா. 1497ல லுசேனா எழுதின புத்தகத்துல பழைய விதி ஆட்டமும் இருக்கு, புது விதி ஆட்டமும் இருக்கு. மாற்றம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே எடுத்த போட்டோ மாதிரி. இத்தாலிக்காரங்க புது ஆட்டத்துக்கு வெறி பிடிச்ச ஆட்டம்னு பேர் வச்சாங்க. ஸ்பெயின்ல அப்போ இசபெல்லா ஆட்சி, அதனாலதான் ராணிக்கு பலம் வந்துச்சுன்னு மர்லின் யாலோம்னு ஒரு ஆய்வாளர் 2004ல ஒரு புத்தகமே எழுதினாங்க. எனக்கு அதுல முழு நம்பிக்கை வரல. பழைய ஆட்டம் ரொம்ப மெதுவா நகரும். பிஷப்புக்கும் அதே நேரத்துல நீள ஓட்டம் குடுத்திருக்காங்க. ஆட்டத்தை வேகமாக்கணும்னு யாரோ விதிகளையே திருத்தின மாதிரிதான் எனக்குத் தெரியுது. என் தொழில் புத்தி அப்படிப் போகுது, மன்னிக்கணும்.

அந்த வேகமான காய் ஐரோப்பியர்களோட இங்க வருது. இங்க என்ன ஆச்சுன்னா, நம்ம ஆட்கள் பலத்தை எடுத்துக்கிட்டாங்க, பேரை எடுத்துக்கல. காய் ராணி மாதிரி ஓடும், ஆனா பேர் மந்திரி. ஹிந்தியில இன்னிக்கும் வஜீர்தான். அவங்க பிஷப்புக்கு ஒட்டகம்னு சொல்றாங்க. துருக்கியில வெசிர். ரஷ்யாவுல ஃபெர்ஸ், அதே பாரசீக ஃபர்ஸீன். உலகத்துல நிறையப் பேருக்கு அந்தக் காய் இன்னும் மந்திரிதான்.

விதிகளும் கொஞ்ச காலம் இந்திய விதிகளாவே இருந்தது. சிப்பாய் முதல் நகர்வுலயும் ஒரு கட்டம்தான். ராஜா ஆட்டத்துல ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். அப்புச்சி இந்த ரெண்டையும்தான் ஆடுவார். நான் அதையும் தப்புன்னு திருத்தினேன். 1814ல பம்பாயில திருவேங்கடாச்சார்ய சாஸ்திரின்னு ஒருத்தர் செஸ் பத்தி ஆங்கிலத்துல ஒரு புத்தகம் போட்டார். ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏத்தபடி எழுதினதுன்னு அதோட தலைப்புலயே இருக்கு. அப்படி ஏத்தபடி மாத்த வேண்டி இருந்துச்சுன்னா, இங்க தனியா ஒரு ஆட்டம் இருந்துச்சுன்னுதானே அர்த்தம்? மீர் சுல்தான் கான் அந்த இந்திய ஆட்டத்துல வளர்ந்தவர். இங்கிலாந்து போன வேகத்துல 1929ல பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932லயும் 1933லயும் மறுபடி.

அப்போ தமிழ்ல மட்டும் மந்திரி எப்படி பிஷப் ஆனார்? இது என் ஊகம். சர்வதேச விதியோட ஆங்கிலப் பேர்களும் பள்ளிக்கூடத்துக்குள்ள வந்திருக்கு. குயின் ராணி ஆயிட்டாங்க. மந்திரின்னு ஒரு வார்த்தை வேலையில்லாம நிக்குது. பிஷப்னா பாதிரியார், நம்ம ராஜசபையில அவருக்கு இடமில்ல. காலியா இருந்த நாற்காலியில மந்திரியை உக்கார வச்சுட்டாங்க. அந்த இடத்துல மொதல்ல நின்னது யானை. யானை மூலைக்குப் போயிடுச்சு, அங்க இருந்த தேர் காணாமப் போச்சு. அலுவலகத்துல மறுசீரமைப்புன்னு மெயில் வருமே, அதேதான்.

இதுல ஒரு வேடிக்கை. மெட்ராஸ்ல செஸ் வளர்ந்த கதையில முக்கியமான இடம் 1972ல மானுவல் ஆரோன் சோவியத் கலாச்சார மையத்துல தொடங்கின டால் செஸ் கிளப். ஆரோன் 1961லயே இந்தியாவோட முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர். விஸ்வநாதன் ஆனந்த் சின்ன வயசுல ஆடின கிளப் அது. அந்த ரஷ்யர்கள் குயினை ஃபெர்ஸ்னுதான் சொல்லுவாங்க. அதாவது மந்திரி. மாஸ்கோவும் அப்புச்சியும் ஒரே கட்சி. எதிர்க்கட்சியில நின்னது நான்.

இப்போ போர்டை விட்டுக் கொஞ்சம் வெளிய வருவோம். நிஜத்துல ஒரு மந்திரி. சேலம், நாமக்கல், சங்ககிரி எல்லாம் ஒரு காலத்துல ஹைதர் அலி கையில, அப்புறம் திப்பு சுல்தான் கையில இருந்த சமவெளி. ஹைதர்கிட்ட கணக்கு வழக்கு பார்த்தவர் பூர்ணையா. 1782 டிசம்பர் 7ஆம் தேதி சித்தூர் பக்கத்துல போர் முகாம்ல ஹைதர் இறந்துடறார். மகன் திப்பு மலபார்ல இருக்கார். ராஜா இல்லன்னு வெளிய தெரிஞ்சா படை கலைஞ்சிடும். பூர்ணையாவும் கிருஷ்ண ராவும் சாவை மறைச்சு, திப்பு வந்து சேர்ற வரைக்கும் ஒண்ணும் நடக்காத மாதிரி எல்லாத்தையும் நடத்தினாங்க. செஸ்ல ராஜா விழுந்தா ஆட்டம் முடிஞ்சது. இங்க ராஜா விழுந்ததுக்கு அப்புறமும் மந்திரி ஆட்டத்தை நிறுத்தல.

1792ல ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை. திப்பு பாதி ராஜ்யத்தை விட்டுக் குடுத்தார். அதுல சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்கு வந்துச்சு. அலெக்சாண்டர் ரீட் இங்க பொறுப்புக்கு வர்றார், அவருக்கு உதவியாளரா தாமஸ் மன்றோ. பின்னாடி மெட்ராஸ் கவர்னர் ஆன அதே மன்றோ, நில வரி வேலையைக் கத்துக்கிட்டது இந்த மண்ணுல.

1799 மே 4, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்துச்சு. திப்பு கோட்டை வாசல்ல சண்டை போட்டு இறந்தார். அவரோட அதிகாரிகள்ல ரெண்டு பேரை வரலாறு பக்கத்துல பக்கத்துல நிறுத்தி வச்சிருக்கு. மீர் சாதிக், சம்பளம் தர்றேன்னு சொல்லி மதில் உடைஞ்ச இடத்துல இருந்த வீரர்களை விலக்கினார்னு சொல்லுவாங்க. திப்புவோட வீரர்களே அன்னிக்கு அவரைக் கொன்னுட்டாங்க. அவர் பேர் இன்னிக்கும் துரோகிங்கிறதுக்கு இன்னொரு வார்த்தை. பூர்ணையா சரணடைஞ்சார். கொஞ்ச நாள்ல ஆங்கிலேயர்கள் அவரையே மைசூருக்கு திவான் ஆக்கினாங்க. அந்த ஏற்பாட்டைச் செஞ்ச கமிஷனோட செயலாளர்கள்ல ஒருத்தர், பாராமகால்ல இருந்து போன மன்றோ. புது ராஜா உடையார் வம்சத்து மூன்றாம் கிருஷ்ணராஜர், அஞ்சு வயசுப் பையன். பூர்ணையா 1811 வரைக்கும் நாட்டை நடத்தினார்.

இவரை என்னன்னு சொல்றது? திப்புவை வில்லனா வரைஞ்ச லண்டன்காரங்களுக்கு இவர் வில்லனோட வலது கை, அப்புறம் திடீர்னு நல்ல நிர்வாகி. திப்புவை வீரரா நினைக்கிறவங்கள்ல சிலருக்கு இவர் சகுனி. பசியும் போரும் பார்த்த ஒரு ஊர்ல, யார் ராஜாவா இருந்தாலும் கணக்கு எழுதத் தெரிஞ்ச ஆள் தேவைன்னு நினைச்சவங்களுக்கு இவர் வெறும் மந்திரி. ஜப்பான்ல ஷோகின்னு ஒரு செஸ் இருக்கு. அதுல வெட்டின காயைத் தூக்கி எறிய மாட்டாங்க, நம்ம பக்கம் திருப்பி வச்சு ஆடலாம். பூர்ணையா அந்தப் போர்டைச் சேர்ந்தவர். எனக்கு அவர் மேல மரியாதைதான் அதிகம், ஆனா மே 4 ராத்திரி அவர் மனசுல என்ன ஓடியிருக்கும்னு யோசிச்சா கொஞ்சம் குளிருது.

இந்தக் கதையோட அடுத்த பகுதியைப் படிச்சப்போ நான் சேர்ல இருந்து எழுந்துட்டேன். மந்திரி மடியில வளர்ந்த அந்த அஞ்சு வயசுப் பையன் பெரியவனானதும் என்ன ஆனார் தெரியுமா? 19ஆம் நூற்றாண்டு இந்தியாவோட மிகப் பெரிய போர்டு கேம் பைத்தியம். குதிரை ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே ஒரு தடவை தொட்டு போர்டு முழுக்கச் சுத்தி வர்ற புதிர்களை உருவாக்கினார். புதுப்புது ஆட்டங்களைக் கண்டுபிடிச்சு 'ஸ்ரீதத்துவநிதி'யில கௌதுக நிதின்னு தனிப் பகுதியே வச்சார். மைசூர் ஜகன்மோகன் அரண்மனைச் சுவர்ல அந்த ஆட்டங்களை வரைஞ்சு வச்சிருக்காங்க, இன்னிக்கும் போய்ப் பார்க்கலாம். கஞ்சீஃபா சீட்டுலயும் அவருக்குப் பெரிய ஆர்வம். வழக்கமான கஞ்சீஃபாவுல ஒவ்வொரு குலத்துலயும் படச்சீட்டு ரெண்டே ரெண்டுதான்: ராஜா, மந்திரி. பாதிக் குலங்கள்ல எண் சீட்டுகளோட வரிசை தலைகீழா மாறிடும், பத்தை விட ஒண்ணு பெருசாயிடும். ஆனா மந்திரி எப்பவும் ரெண்டாவது இடம்தான்.

1831ல ஆங்கிலேயர்கள் அவர்கிட்ட இருந்து நிர்வாகத்தைப் பிடுங்கிட்டாங்க. பட்டம் மட்டும் மிச்சம். பூர்ணையா இறந்து அப்போ கிட்டத்தட்ட 20 வருஷம் ஆச்சு. 1868ல சாகுற வரைக்கும் ராஜா அரண்மனையில இருந்தார், ஆட்டங்களோட.

அப்புச்சி இறந்து நாலு வருஷம் ஆகுது. போன மாசம் ஊருக்குப் போனப்போ அவரோட செட்டை எடுத்துப் பார்த்தேன். காய் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுல இருக்கு, வால்வு மூடி உட்பட. மாமா பையனுக்கு ஒன்பது வயசு, சேலத்துல கோச்சிங் போறான். போர்டை விரிச்சோம். அவன் மூடியைத் தூக்கிக் காட்டி, "இது என்ன மாமா, ராணியா?"ன்னு கேட்டான். என் பக்கம் வைக்கவான்னு கேட்டேன். உங்க பக்கம்னான். அப்போ மந்திரின்னு சொன்னேன். ஏன்னு கேட்டான், பதில் சொல்ல ஒரு மணி நேரம் ஆச்சு. ஆட்டத்துல அவன்தான் ஜெயிச்சான்.

ஒரு சின்ன வேண்டுகோள். உங்க வீட்டுப் பெரியவங்க இந்தக் காய்க்கு என்ன பேர் சொல்றாங்கன்னு கேட்டு, அவங்க குரல்லயே ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஊர் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல போடறேன்.